பைட்டுக்கு எவ்வளவு?

அவனியாபுரத்து இ-சேவை மையத்தில் வாங்கும் சாதிச் சான்றிதழ் ஒரு பிடிஎஃப் கோப்பு. அளவு 100 கேபி என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே எத்தீரியம் பிளாக்செயினில் ஏற்றினால் என்ன செலவாகும்?

எத்தீரியத்தில் எல்லா வேலைக்கும் ‘கேஸ்’ என்ற அலகில்தான் கட்டணக் கணக்கு. ஒருவருக்குப் பணம் அனுப்ப 21,000 கேஸ். தரவுக்கு பைட் கணக்கு: பூஜ்யம் அல்லாத பைட்டுக்கு 16 கேஸ். பெருமளவில் தரவை மட்டும் ஏற்றுவோருக்கு 2025 மே முதல் அது 40. அந்தக் கணக்கில் நம் சான்றிதழுக்கு ஏறத்தாழ 41 லட்சம் கேஸ்; சுமார் 195 பேர் பணம் அனுப்பும் செலவு. ஏற்றிய ஒவ்வொரு பைட்டையும் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் வாங்கிச் சரிபார்க்க வேண்டுமே!

அதனால் விவரம் தெரிந்தவர்கள் கோப்பை ஏற்றுவதில்லை; அதன் 32 பைட் ‘ஹாஷ்’ குறியீட்டை மட்டும் பதிகிறார்கள். சான்றிதழில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் ஹாஷ் மாறிவிடும், போலி பிடிபடும். பல நூறு சான்றிதழ்களின் ஹாஷ்களைச் சேர்த்து ஒரே ஹாஷாக்கியும் பதியலாம்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்து எட்டாபள்ளியில் 65,000 சாதிச் சான்றிதழ்களுக்கு பிளாக்செயின் பாதுகாப்பு தரும் திட்டம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. அதற்குத் தேர்ந்தெடுத்தது, இந்தியர்கள் 2017-இல் ‘மேட்டிக்’ என்ற பெயரில் தொடங்கிய பாலிகான் பிளாக்செயினை. அங்கே கட்டணம் மிகக் குறைவு.

அந்த மலிவே பாலிகானுக்குத் தலைவலியும் ஆனது. வெட்டிப் பரிவர்த்தனைகள் வந்து குவிந்தன. 2021 அக்டோபரில் குறைந்தபட்சக் கேஸ் விலையை 1 குவெய்யிலிருந்து (கேஸ் விலையைக் குறிக்கும் சிறு அலகு) 30 குவெய்யாக உயர்த்தினார்கள்.

மலிவால் வரும் இதே சிக்கலை எத்தீரியமும் வேறு வழியில் சந்தித்தது. 2024 மார்ச் 13 அன்று தரவுக்கென்றே ‘பிளாப்’ என்ற தனி இடம் வந்தது. பஸ்ஸில் ஆளுக்கு ஒரு டிக்கெட், மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் என்பதுபோல, பணப் பரிமாற்றத்துக்கு ஒரு விலை, தரவுக்கு வேறு விலை. ஒரு பிளாப் 128 கேபி. சுமார் 18 நாள் கழித்து கணினிகள் அதை அழித்துவிடலாம் என்பதால்தான் மலிவு. தொடக்கத்தில் ஒரு பிளாக்குக்கு (பரிவர்த்தனைத் தொகுதிக்கு) 3 பிளாப் இலக்கு, 6 உச்சவரம்பு. இலக்கைத் தாண்டினால் அடுத்த பிளாக்கில் விலை ஏறும், குறைந்தால் இறங்கும்.

இறங்கியது, அடிமட்டம்வரை. ஒரு வெய், அதாவது எத்தீரியத்தின் நாணயமான ஈதர் ஒன்றில் கோடி கோடியில் ஒரு பங்குக்கும் கீழே. தொடக்க விதிப்படி பிளாக்குக்கு அதிகபட்சம் 12.5 சதவீதம் என்று அங்கிருந்து ஏறி, விலை உறைக்கும் அளவுக்கு வர வெகுநேரமானது. அதுவரை நெரிசலைக் கட்டணத்தால் தடுக்க முடியவில்லை. 2025 டிசம்பரில் வந்த ‘ஃபுசாகா’ மேம்படுத்தல், வழக்கமான கேஸ் விலையோடு பிணைத்து பிளாப் விலைக்கும் ஒரு தரைவரம்பு வைத்தது.