அந்த வெள்ளிக்கிழமை வானில் வருவது என்ன?



ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாவில் பாடம் முடிந்து பிள்ளைகளெல்லாம் கலைந்து சென்ற பிறகும் ஒரு சிறுமி மட்டும் போகாமல் நின்றாள். சற்று நேரத்தில் அவளுடைய தாயாரே வந்துவிட்டார். "ஹஜ்ரத், இவள் நான்கு நாட்களாகச் சரியாக உறங்குவதில்லை. இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று கைபேசியை நீட்டினார். 2029 ஏப்ரல் 13 அன்று மலை போன்றதொரு கல் வானிலிருந்து வந்து பூமியின் மீது மோதப்போகிறது என்றும், அந்நாள் வெள்ளிக்கிழமை என்பதைக் கவனியுங்கள் என்றும் யாரோ எழுதிப் பரப்பியிருந்தார்கள். கியாமத் வெள்ளிக்கிழமையில்தான் நிகழும் என்பது நம் வீட்டுக் குழந்தைகள் சிறுவயதிலேயே கேட்டறிந்த செய்தி. ஆகவே அச்சிறுமி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள். "அப்போது எனக்கு எத்தனை வயது ஹஜ்ரத்?" என்பதுதான் அவள் கேட்ட முதற் கேள்வி.

கியாமத்தின் நேரத்தை அல்லாஹ் ஒருவனே அறிவான் என்று சொல்லி அவர்களை அனுப்பிவைத்தேன். ஆயினும் அன்றிரவு என் மனம் அமைதி கொள்ளவில்லை. ஏனெனில் அச்செய்தியில் பாதி உண்மை இருந்தது. அப்படியொரு கல் உண்டு. அந்நாளில் அது நம் பக்கம் வருவதும் உண்மையே. நான் கல்லூரியில் பயின்றது வரலாறு. விஞ்ஞானத்திற்கும் எனக்கும் வெகுதூரம். எனினும் நூல்களைப் புரட்டியும், விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் ஒருவரைத் தொல்லைப்படுத்தியும் நான் அறிந்துகொண்டவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

அக்கல்லின் பெயர் அபோபிஸ். 2004 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிட்பீக் வானாய்வு நிலையத்தில் ராய் டக்கர், டேவிட் தோலன், பேப்ரிசியோ பெர்னார்டி ஆகிய மூவர் அதைக் கண்டுபிடித்தனர். சூரியனை விழுங்க முயலும் பாம்பாகப் பண்டைய எகிப்தியர் கற்பனை செய்திருந்த ஒன்றின் பெயரை 2005இல் அதற்குச் சூட்டினார்கள். வேறு நல்ல பெயரொன்று வைத்திருந்தால் பாதி அச்சம் குறைந்திருக்கும் என்பது என் எண்ணம். சராசரியாக 340 மீட்டர் அகலமுள்ள இத்தகைய கற்களை நம் மொழியில் குறுங்கோள் என்கிறோம். இவ்வளவு பெரிய கல் விழுந்தால் ஒரு மாநிலமே பாழாகும். உலகம் முழுவதும் அழிந்துவிடாது.

அதன் பாதையைச் சற்றுப் பாருங்கள். நமது பூமி சூரியனிலிருந்து ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில், 365 நாட்களில் ஒரு சுற்றை முடிக்கிறது. அபோபிஸின் பாதை நீள்வட்டம். சூரியனுக்கு 11 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கி, பின்னர் 16 கோடியைத் தாண்டி விலகி, 324 நாட்களில் ஒருமுறை சுற்றிவருகிறது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை அது நமது தொலைவைக் கடந்தாக வேண்டும். ரயில் பாதையும் மாட்டு வண்டிப் பாதையும் குறுக்கிடும் இடத்தைப் போன்றது இது. பாதைகள் குறுக்கிடுவதாலேயே விபத்து நேர்ந்துவிடாது. ரயிலும் வண்டியும் ஒரே கணத்தில் அங்கு வந்து சேர வேண்டும். பூமியோ விநாடிக்கு சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தன்னுடைய குறுக்களவாகிய 12,742 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஏழு நிமிடங்களே போதும். அந்த ஏழு நிமிடக் கணக்கில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பூமியின் பாதைக்கு 75 லட்சம் கிலோமீட்டருக்குள் தன் பாதை அமைந்து, சுமார் 140 மீட்டருக்கு மேற்பட்ட அளவும் உடைய குறுங்கோளை 'அபாயம் விளைவிக்கக்கூடியது' என்று விஞ்ஞானிகள் பட்டியலில் சேர்க்கிறார்கள். அச்சொல் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. அவர்களுக்கோ அது 'கண்ணை எடுக்காமல் கவனிக்க வேண்டியது' என்று பொருள்படும். அத்தகைய கற்கள் 2,000க்கும் மேல் அறியப்பட்டுள்ளன.

அப்படியானால் அந்த வதந்திக்கு வேர் எங்கே? அது 2004 டிசம்பரில் இருக்கிறது. ஜூன் மாதம் கண்டபின் தொலைந்துபோன அக்கல்லை டிசம்பர் 18 அன்று ஆஸ்திரேலியாவிலிருந்து மீண்டும் கண்டார்கள். கிடைத்த சில நாள் அளவீடுகளைக் கொண்டு கணக்கிட்டபோது, 2029 ஏப்ரல் 13இல் அது பூமியில் மோதும் வாய்ப்பு 300இல் ஒன்று என்று வந்தது. மேலும் அளந்தார்கள், 62இல் ஒன்றானது. இன்னும் அளந்தார்கள், டிசம்பர் 27இல் 37இல் ஒன்று, அதாவது 2.7 சதவீதம் ஆயிற்று. அபாயத்தை 0 முதல் 10 வரை குறிக்கும் டொரினோ அளவுகோலில் 4 என்ற எண்ணை அது எட்டியது. அதற்கு முன்னும் பின்னும் வேறெந்தக் கல்லும் அந்த எண்ணைத் தொட்டதில்லை.

இந்தச் செய்தியை நம்மில் எவரேனும் அப்போது கேட்டோமா? டிசம்பர் 26 ஞாயிறு காலையில் ஆழிப்பேரலை நம் கரைகளைத் தாக்கியது. நாகப்பட்டினத்திலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் மையித்துகளை அடக்கம் செய்துகொண்டிருந்தவர்களுக்கு வானத்துக் கல்லைப் பற்றி யார் சொல்ல, யார் கேட்க!

அளக்க அளக்க ஆபத்து வளர்ந்துகொண்டே போனது ஏன்? இங்கேதான் நானும் தடுமாறினேன். நண்பர் சொன்னதை என் வழியில் சொல்கிறேன். ஒரு பெண்ணின் தோடு தொலைந்துவிட்டது. ஆறு அறைகளில் எங்கேனும் கிடக்கலாம். கொல்லைக் கிணற்றிலும் விழுந்திருக்கலாம். ஏழில் ஓரிடம் கிணறு. முதல் அறையைத் துழாவுகிறார், இல்லை. கிணற்றின் பங்கு ஆறில் ஒன்றாகிறது. அடுத்தடுத்த அறைகளிலும் இல்லை என்றானதும் ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்று என்று அது ஏறுகிறது. அவருடைய நெஞ்சு படபடக்கிறது. தோடு ஓர் அங்குலம்கூடக் கிணற்றை நோக்கி நகரவில்லை. தேட வேண்டிய இடம் சுருங்கியது, அவ்வளவே. கடைசியில் மகளின் தாவணி மடிப்பிலிருந்து தோடு விழுகிறது. கிணற்றின் பங்கு ஒரே நொடியில் பூஜ்யம்!

அபோபிஸுக்கும் இதுவே நடந்தது. கல் செல்லக்கூடிய இடங்களின் பரப்பு சுருங்கச் சுருங்க, பூமி அதற்குள்ளேயே இருந்ததால் விகிதம் உயர்ந்தது. டிசம்பர் 27 அன்றே, அவ்வாண்டு மார்ச் மாதம் எடுத்த பழைய படங்களில் அக்கல் ஒரு மங்கிய புள்ளியாகப் பதிந்திருந்ததைக் கண்டெடுத்தார்கள். பாதை தெளிந்தது. 2029இல் மோதல் இல்லை என்று தீர்ந்தது. 2024 டிசம்பரில் கண்டறியப்பட்ட 2024 ஒய்.ஆர்.4 என்ற குறுங்கோளிலும் இதே கதைதான். 2032இல் அது பூமியில் மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரியில் 3.1 சதவீதம் வரை ஏறிச் சில நாட்களில் இல்லையென்றே சொல்லத்தக்க அளவுக்கு இறங்கியது. ஏறியபோது உரக்கக் கூவிய செய்தித்தாள்கள் இறங்கியபோது முணுமுணுத்தன.

அபோபிஸ் கதை அத்துடன் முடியவில்லை. பூமியை அவ்வளவு அருகில் கடக்கும்போது நமது ஈர்ப்பு அதன் பாதையை வளைத்துவிடும். 324 நாள் சுற்று ஏறத்தாழ 14 மாதமாக நீண்டுவிடும். வானில் சுமார் 600 மீட்டர் அகலமே உள்ள ஒரு குறிப்பிட்ட இடைவெளிக்குள் அது புகுந்து சென்றால் 2036இல் திரும்பிவந்து மோதக்கூடும் என்றார்கள். இதற்கிடையே, வெயிலில் சூடான கல் அவ்வெப்பத்தை வெளிவிடும்போது மெல்லத் தள்ளப்படுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 170 மீட்டர் நகர்வு! கோடிக் கணக்கான கிலோமீட்டரில் 170 மீட்டரைத் தேடும் பொறுமையை எண்ணிப் பாருங்கள். 2013இல் ரேடார் கொண்டு அளந்து 2036 இல்லை என்றார்கள். 2021 மார்ச்சில் மீண்டும் அளந்து, குறைந்தது நூறாண்டுகளுக்கு அபோபிஸால் ஆபத்தில்லை என்று அறிவித்தார்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது நாம் இன்னும் காணாத கற்களைப் பற்றியே. 2013 பிப்ரவரி 15இல் ஒரு குறுங்கோள் பூமியின் பரப்பிலிருந்து 27,700 கிலோமீட்டர் தொலைவில் கடக்கும் என்று கணித்து உலகமே காத்திருந்தது. அது சொன்னபடி கடந்தது. அதே நாள் காலையில், யாரும் அறியாத 20 மீட்டர் கல்லொன்று சூரியன் இருந்த திசையிலிருந்து வந்து ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரின் மேலே வெடித்தது. ஒளியைக் கண்டு சன்னலருகே ஓடியவர்கள் மீது, பின்னால் வந்த அதிர்ச்சி அலை கண்ணாடிகளை நொறுக்கிக் கொட்டியது. சுமார் 1,500 பேர் காயமடைந்தனர். முன்கூட்டியே கண்டுகொண்டால் தள்ளிவிடவும் இயலும் என்பதற்கு 2022 செப்டம்பர் 26 சான்று. டார்ட் என்ற விண்கலத்தை டைமார்பஸ் எனும் சிறு கல்லில் மோதச்செய்து, அது சுற்றிவரும் நேரத்தை அரை மணிக்கும் அதிகமாகக் குறைத்தார்கள்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். அபோபிஸ் பூமியின் பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடக்கும். தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் சுழலும் 36,000 கிலோமீட்டருக்கும் உள்ளே! மிக நெருங்கும் நேரம் நம் நாட்டுக் கணக்கில் ஏப்ரல் 14 சனிக்கிழமை அதிகாலை மூன்றே கால். மஃரிபுடன் நாள் மாறும் நம் வழக்கப்படி அது சனியிரவு. வெள்ளி எப்போதோ கழிந்துவிட்டது. வதந்தியை எழுதியவர் இதைக்கூட எண்ணிப் பார்க்கவில்லை.

இவற்றை அடுத்த வாரம் அச்சிறுமிக்குச் சொன்னேன். அது துல்கஃதா மாதக் கடைசி. நிலவில்லாத இருண்ட வானம். அக்கல் தொலைநோக்கி இல்லாமலே நகரும் விண்மீனாகப் புலப்படும். மிக நெருங்கும்போது அட்லாண்டிக் கடலுக்கு மேலே இருக்குமாதலால் அந்தக் கணத்தில் நமக்குத் தெரியாது. நன்கு காணக்கூடியவர்கள் ஆப்பிரிக்கா, ஐரோப்பா, மேற்கு ஆசியாவில் உள்ளவர்கள் என்றேன்.

"மேற்கு ஆசியா என்றால் ரியாத்தும் சேருமா ஹஜ்ரத்?" என்றாள். சேரும் என்றேன்.

"அப்படியானால் வாப்பாவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும்" என்று கூறிவிட்டுத் தன் கிதாபை எடுத்துக்கொண்டு ஓடினாள்.