முதல் நாவலை நீங்களே அச்சிட்டாச்சு... இனி யார் வாங்குவார்கள்?

நாவலை அச்சிடுவது இன்றைக்குப் பெரிய வேலையே இல்லை. ஃபைலைக் கொடுத்தால், பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறையில் ஐம்பது பிரதிகூட அடித்துக் கொடுத்துவிடுவார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். வெளியீட்டு விழாவில் நண்பர்களும் சொந்தக்காரர்களும் வாங்கியது போக, மிச்சக் கட்டுகள் கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஆறு மாதம் கழித்து வீட்டில் யாராவது, "இதையெல்லாம் என்னதான் பண்ணப் போற?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியோடு எழுத்தையே விட்டவர்களும் உண்டு.

இது புதுப் பிரச்சினை இல்லை. இதோடு மல்லுக்கட்டிய ஒருவரின் ஊர் பழனி மலை அடிவாரத்திலேயே இருக்கிறது.

வத்தலக்குண்டு வழி

கொடைக்கானலுக்கு மலை ஏறும் முன் வரும் ஊர் வத்தலக்குண்டு. பலருக்கு அது பஸ் நின்று கிளம்பும் இடம், அவ்வளவுதான். ஆனால் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர். ராஜம் ஐயர், 'மணிக்கொடி' பி.எஸ். ராமையா, 'எழுத்து' சி.சு. செல்லப்பா என மூன்று பேருக்கும் இதுதான் ஊர். முதல் இருவரின் பெயருக்கு முன்னால் நிற்கும் 'பி', ஊர்ப் பெயரின் பழைய ஆங்கில வடிவமான 'பத்தலகுண்டு'வின் முதல் எழுத்து.

ராஜம் ஐயரின் நாவல் 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்து, அதற்குப் பிறகே நூலானது. அதாவது, புத்தகத்துக்கு முன்பே வாசகர்கள் இருந்தார்கள்.

செல்லப்பாவின் கதை இன்னும் கடினமானது. 1959 ஜனவரியில் கைக்காசைப் போட்டு 'எழுத்து' இதழைத் தொடங்கினார். அதே பெயரில் ஒரு பிரசுரமும் நடத்தினார். சூர்யாவை வைத்து வெற்றிமாறன் படமாக்குவதாக அறிவித்ததால் இன்றைய தலைமுறைக்கும் தெரிந்திருக்கும் 'வாடிவாசல்', அந்தப் பிரசுரத்தில் வந்ததுதான். 'ஜீவனாம்சம்' நாவலை 'எழுத்து' இதழிலேயே தொடராக வெளியிட்டார்.

விளம்பரத்துக்குக் காசில்லை. கடைக்காரர்களுக்கும் ஆர்வமில்லை. எனவே புத்தகங்களை மூட்டை கட்டி, தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். சில பயணங்களில் வல்லிக்கண்ணனும் கூட இருந்தார். தமிழ்த் துறை ஆசிரியர்களைப் பார்த்துப் பேசுவது, மாணவர்களிடம் விவாதிப்பது, போகிற போக்கில் நாலு பிரதி விற்பது. அவருடைய மார்க்கெட்டிங் அவ்வளவுதான். பணம் பெரிதாக வரவில்லை. ஆனால் புத்தகம் படிப்பவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

செல்லப்பா செய்ததில் உணர்ச்சி மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. உதாரணத்துக்கு, உங்கள் நாவலின் விலை 250 ரூபாய், ஒரு பிரதிக்கு அச்சுச் செலவு 110 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு 40 சதவீதம் கழிவு கொடுத்தால் 100 ரூபாய் அங்கேயே போய்விடும். மிஞ்சுவது 40 ரூபாய். கூரியர் செலவை யார் ஏற்பது என்ற பேச்சு வந்தால் அதுவும் இல்லை. அதே பிரதியை நேரில் விற்றால் 140 ரூபாய் நிற்கும். நேரில் விற்கும் ஒரு பிரதி, கடையில் விற்கும் மூன்றரைப் பிரதிக்குச் சமம்! முதல் 200 பிரதிகளையாவது நேரில் விற்கப் பாருங்கள்.

நேரில் என்றால் எங்கே? கொடைக்கானலில் சீசனில் கூட்டம் அலைமோதும். அங்கே கடை போட்டால் என்ன என்று தோன்றலாம். ஹோம்மேட் சாக்லேட் வாங்க வந்தவர் நாவலும் வாங்குவார் என்று நம்பி முதல் போடாதீர்கள். மலையில் நடக்கிற கதை என்றால், தங்கும் விடுதி அலமாரிகளில் இரண்டு பிரதி வைக்கச் சொல்லிப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். திண்டுக்கல் போன்ற மாவட்டப் புத்தகத் திருவிழாக்களுக்கு வருபவர்கள் புத்தகம் வாங்கவே வருபவர்கள். ஒரே ஒரு நாவலுக்குத் தனி ஸ்டால் கட்டுப்படியாகாது. தெரிந்த பதிப்பாளரின் ஸ்டாலில் பத்துப் பிரதி வைத்துவிட்டு, மாலை நேரங்களில் நீங்களும் அங்கே இருங்கள்.

முதல் அத்தியாயம் ஃப்ரீ

2010-ல் அமீஷ் திரிபாதியின் 'தி இம்மார்ட்டல்ஸ் ஆஃப் மெலூஹா' வந்தபோது, அதுவும் பதிப்பாளர்கள் நிராகரித்த முதல் நாவல்தான். முதல் அத்தியாயத்தை மட்டும் தனியாக அச்சடித்து, புத்தகக் கடைகளின் கல்லா பக்கத்தில் இலவசமாக வைத்தார்கள். யூடியூபில் ட்ரெய்லரும் விட்டார்கள். நம் பட்ஜெட்டுக்கு ட்ரெய்லர் தேவையில்லை. முதல் அத்தியாயத்தை பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பக் காசே ஆகாது. 'என் நாவல் வந்துவிட்டது, வாங்குங்கள்' என்று பத்து குரூப்பில் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். பிரதிலிபி மாதிரியான செயலியில் சில அத்தியாயங்களைத் தொடராகப் போடுவதும் ராஜம் ஐயர் காலத்து வழிதான், இடம் மட்டும் செல்போனுக்கு மாறியிருக்கிறது.

காசு வாங்கிக்கொண்டு ஐந்து நட்சத்திர விமர்சனம் போடுகிறேன் என்று யாராவது வந்தால், தள்ளியே இருங்கள். ஒரே மாதிரி பாராட்டும் இருபது விமர்சனங்களை வாசகர் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்.

மின்னூலா?

அமேசானின் கேடிபி தளத்தில் தமிழ் நாவலை நீங்களே ஏற்றலாம். ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்தியாவில் 70 வேண்டும் என்றால் 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால், குறைந்தது 90 நாள் அந்த மின்னூல் வேறு எங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபியில் முழு நாவலும் கிடக்க, இங்கேயும் சேர்ந்தால் சிக்கல். எது முதலில் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.

கடைசியாக, தாள் வேலை. ஐஎஸ்பிஎன் எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது. ஆன்லைனில் விண்ணப்பித்தால் போதும். 1954-ம் ஆண்டுச் சட்டப்படி, புத்தகம் வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட மேலும் மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் தலா ஒரு பிரதி தன் செலவில் அனுப்ப வேண்டும். இங்கே பதிப்பாளரும் நீங்கள்தான். அச்சுக்குக் கொடுக்கும்போதே அந்த நாலு பிரதிகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.