நாய்களுக்குப் பச்சை இறைச்சி உணவு: காய்கறிகளும் துணைச் சத்துக்களும்

வீட்டு நாய்களுக்குச் சமைக்காத இறைச்சியையே முதன்மை உணவாக அளிப்போர் நம் நாட்டு நகரங்களில் இன்று பலர் உளர். ஆஸ்திரேலிய நாட்டுக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்பார் 1993-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு நூலின் வாயிலாக இம்முறை பல நாடுகளில் பெயர் பெற்றது. இவ்வாறு உணவளிப்போர், இறைச்சியுடன் காரட்டும் பூசணியும் கீரையும் சேர்த்துவிட்டால் உணவு நிறைவு பெற்றுவிடும் என்று பெரும்பாலும் நம்புகின்றனர். இந்நம்பிக்கை ஓரளவே சரியானது. காய்கறிகளுக்குத் தக்க பயன் உண்டு; ஆனால் இறைச்சியிலுள்ள மிகப் பெரிய குறையை அவை நீக்குவதில்லை. அக்குறை எது, அதனை எவ்வாறு நீக்கலாம் என்பதனைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்து, நாய் வளர்ப்போருக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

நாயின் செரிமானம்

நாய் ஓநாயின் வழித்தோன்றலாயினும், உணவு வகையில் அது ஓநாயே அன்று. மனிதனை அண்டி வாழ்ந்த நெடுங்காலத்தில், மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றலை நாய் மிகுதியாகப் பெற்றுள்ளது. மாவுப்பொருளைச் சிதைக்கும் அமிலேஸ் என்னும் நொதியைக் கணையத்தில் உண்டாக்கும் மரபணு, ஓநாயில் இரண்டு படிகளாகவும் நாய்களில் நான்கு முதல் முப்பது படிகள் வரையிலும் காணப்பெறுகிறது என்று 2013-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். எனவே, வேகவைத்த அரிசியும் கிழங்கும் நாய்க்கு ஒவ்வா என்னும் கூற்று பொருந்தாது.

ஓநாய்கள் தாம் கொன்ற விலங்கின் இரைப்பையிலுள்ள தழைகளை உண்கின்றன, ஆதலின் நாய்க்கும் காய்கறி இன்றியமையாதது என்று சிலர் வாதிப்பர். பெரிய இரையின் இரைப்பையிலுள்ள தழைகளை ஓநாய்கள் பொதுவாக ஒதுக்கிவிடுகின்றன என்பதே அவற்றை நெடுநாள் ஆராய்ந்தோர் கண்ட உண்மையாகும். காய்கறியின் பயனை வேறு காரணங்களைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

இறைச்சியில் குறைவது யாது?

இறைச்சியில் புரதமும் பாஸ்பரஸும் நிறைந்துள்ளன. கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, மிகவும் குறைவு. எலும்பு நீக்கிய 100 கிராம் இறைச்சியில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 190 மில்லிகிராம் இருக்கும். கால்சியமோ ஏறத்தாழ 10 மில்லிகிராம்தான். நாயின் உணவிலோ கால்சியம், பாஸ்பரஸுக்குச் சமமாகவோ சற்று மிகுதியாகவோ இருத்தல் வேண்டும்.

ஓர் எளிய கணக்கினால் இதனை விளக்கலாம். பத்துக் கிலோகிராம் எடையுள்ள, முழு வளர்ச்சி பெற்ற நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 மில்லிகிராம் கால்சியம் தேவை. அதற்கு 300 கிராம் இறைச்சி அளித்தால் கிடைப்பது 30 மில்லிகிராமே. அத்துடன் 50 கிராம் காரட் சேர்த்தால் மேலும் கிடைப்பது 16 மில்லிகிராம். பூசணியிலோ இதனினும் குறைவு. கீரைகளில் கால்சியம் கூடுதலாக உள்ளது எனினும், முளைக்கீரை, பசலைக்கீரை முதலியவற்றிலுள்ள ஆக்ஸலேட் என்னும் பொருள் அதனைப் பற்றிக்கொண்டு, உடலிற் சேரவிடாது தடுக்கிறது. ஆகவே காய்கறியைக் கொண்டு இப்பள்ளத்தை நிரப்ப இயலாது.

உணவில் கால்சியம் போதாதபோது, இரத்தத்தில் அதன் அளவு குறையாதபடி காக்க, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் மிகுதியாகச் சுரக்கின்றன. அச்சுரப்பு எலும்பிலுள்ள கால்சியத்தைக் கரைத்து இரத்தத்திற்கு அனுப்புகிறது. வளர்ந்த நாயில் இக்கேடு பல திங்கள்களுக்குப் பின்னரே வெளிப்படும். குட்டிக்கோ, அதே அளவு எரிசக்தி தரும் உணவில் வளர்ந்த நாயினும் மும்மடங்கு கால்சியம் தேவையாதலின், சில வாரங்களிலேயே கேடு தோன்றுகிறது. குட்டி நடக்கத் தயங்கும். தொட்டால் வலியால் கத்தும். சிறு குதிப்பிலும் எலும்பு ஒடியும். நல்ல இறைச்சியை நாள்தோறும் ஊட்டி வளர்த்த குட்டிக்கே இந்நிலை நேர்வதனை உரிமையாளர் எளிதில் நம்பார். ஆதலின் இதனை முன்னரே எடுத்துக் கூறுதல் நலம்.

காய்கறிகளின் உண்மையான பயன்

காய்கறிகள் நார்ப்பொருளை அளித்து மலத்தை ஒழுங்குபடுத்துகின்றன. இறைச்சியில் குறைவாகவுள்ள மாங்கனீசு அவற்றால் ஓரளவு கிடைக்கும். காரட்டிலும் மஞ்சள் பூசணியிலும் உள்ள கரோட்டினை நாய் தன் உடலில் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். பூனைக்கு இவ்வாற்றல் இல்லை. பருத்த நாய்க்கு, எரிசக்தியைக் கூட்டாமல் வயிற்றை நிறைப்பதற்கும் காய்கறி உதவுகிறது.

ஆயினும் நாய் உணவை நன்கு மெல்லுவதில்லை. தாவர உயிரணுக்களின் செல்லுலோஸ் சுவரைச் சிதைக்கும் நொதியும் அதற்கில்லை. துண்டாக விழுங்கிய காரட் துண்டாகவே வெளிப்படுவதனைப் பலரும் கண்டிருப்பர். எனவே காய்கறிகளை வேகவைத்து மசித்தோ, நன்கு அரைத்தோ அளித்தல் வேண்டும். காரட், மஞ்சள் பூசணி, பீன்ஸ், சுரைக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஆகியவை ஏற்றவை. உணவின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவாகப் போதுமான அளவாகும்.

விலக்க வேண்டியவை

வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழித்துச் சோகையை உண்டாக்கும். உடல் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 15 முதல் 30 கிராம் வெங்காயம் தீங்கு விளைவிக்கப் போதுமானது. சமைப்பதனால் இந்நஞ்சு நீங்குவதில்லை. திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. அவற்றிலுள்ள டார்டாரிக் அமிலமே இதற்குக் காரணமாகலாம் என்று அண்மை ஆராய்ச்சிகள் கூறுகின்றன. புளியில் இவ்வமிலம் மிகுதியாக உள்ளது. புளி உண்ட நாய்களுக்குச் சிறுநீரகக் கேடு நேர்ந்தமை 2022-ஆம் ஆண்டில் வெளியான மருத்துவக் கட்டுரையொன்றில் விவரிக்கப்பெற்றுள்ளது. வெங்காயமும் புளியும் சேர்ந்த மிச்சக் குழம்பை நாயின் தட்டில் ஊற்றும் பழக்கம் ஏன் தகாதது என்பது இதனால் விளங்கும்.

துணைச் சத்துக்கள்

கால்சியத்தை அளிக்க எளிய பொருள் முட்டை ஓடு. அதனைக் கழுவிப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, உலர்த்தி, மாவுபோல் பொடிக்க வேண்டும். அப்பொடியில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 380 மில்லிகிராம் கால்சியம் உண்டு. மேற்கூறிய பத்துக் கிலோகிராம் நாய்க்கு இரண்டு கிராம் பொடி, அதாவது அரைத் தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவான அளவு, ஒரு நாளைக்குப் போதும். எலும்புடன் அரைத்த இறைச்சி அளிப்போர் இதனைச் சேர்த்தல் கூடாது. கால்சியம் மிகுவதும் தீங்கே. நெதர்லாந்து நாட்டின் உத்ரெக்ட் நகரில், கிரேட் டேன் என்னும் பெருநாயினத்தின் குட்டிகளுக்கு மிகுந்த கால்சியம் அளித்து ஆராய்ந்தபோது, அவற்றின் எலும்பு வளர்ச்சி சீர்கெட்டது. மிகுந்த கால்சியம் துத்தநாகச் சத்து உடலிற் சேர்வதனையும் தடுக்கும்.

வைட்டமின் டி-யைப் பற்றிய நம் அறிவே நாய்க்குட்டிகளிடமிருந்து பெறப்பட்டதாகும். இங்கிலாந்தில் எட்வர்டு மெல்லன்பி 1919-ஆம் ஆண்டில், ஓட்ஸ் முதலிய தானிய உணவால் குட்டிகளுக்கு எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் வருவதனையும், காட் மீன் ஈரல் எண்ணெய் அதனைத் தடுப்பதனையும் காட்டினார். மனிதரைப்போல் வெயிலைக் கொண்டு தோலில் இவ்வைட்டமினைத் தேவையான அளவு உண்டாக்கிக்கொள்ள நாய்க்கு இயலாது. உணவின் மூலமே பெறுதல் வேண்டும். முட்டை மஞ்சட்கருவும், மத்தி போன்ற கொழுப்புள்ள மீன்களும் இதனை அளிக்கும். மீனை வேகவைத்தே அளித்தல் நன்று. சிலவகைப் பச்சை மீன்களில் வைட்டமின் பி-1-ஐ அழிக்கும் நொதி உண்டு. பச்சை முட்டையின் வெண்கருவும் பயோட்டின் என்னும் வைட்டமினைப் பற்றிக்கொள்வதால், முட்டையையும் வேகவைத்தல் நலம்.

ஈரல் சத்து மிக்கது. எனினும் அதில் வைட்டமின் ஏ அளவிறந்து உள்ளமையால், உணவில் இருபதில் ஒரு பங்கிற்கு மேற்படாது நிறுத்துக. வைட்டமின் சி-யை நாய் தன் ஈரலிலேயே ஆக்கிக்கொள்கிறது. அதற்கென மாத்திரை வாங்குவது வீண் செலவு. அயோடின், துத்தநாகம், வைட்டமின் ஈ ஆகியவை இறைச்சியும் காய்கறியும் மட்டும் கொண்ட உணவில் குறைவுபடலாம். இவற்றின் அளவைக் கால்நடை மருத்துவரைக் கேட்டே அறுதியிடல் வேண்டும்.

பச்சை இறைச்சியும் குடும்பத்தின் நலமும்

சத்துக்கள் யாவும் சரியாக அமைந்தாலும், சமைக்காத இறைச்சியில் மற்றோர் இடர் எஞ்சி நிற்கிறது. கனடாவில் 2002-ஆம் ஆண்டில் வெளியான சிறு ஆய்வொன்றில், பச்சை இறைச்சி உணவு மாதிரிகள் பத்தில் எட்டில் சால்மொனெல்லா கிருமி காணப்பெற்றது; அவ்வுணவை உண்ட நாய்கள் பத்தில் மூன்றின் மலத்திலும் அக்கிருமி இருந்தது. நோயின் அறிகுறி யாதுமின்றியே நாய் இக்கிருமியைப் பரப்பக்கூடும். குளிர்ப்பெட்டியில் உறையவைப்பதனால் அது சாவதில்லை.

நம் நாட்டில் இதனினும் கவனிக்கத்தக்கது ஹைடாடிட் என்னும் நீர்க்கட்டி நோய். ஆடு, மாடு, எருமை ஆகியவற்றின் ஈரலிலும் நுரையீரலிலும் உள்ள நீர்க்கட்டிகளை நாய் பச்சையாக உண்டால், எக்கினோகாக்கஸ் என்னும் சிறு நாடாப்புழு அதன் குடலில் வளர்கிறது. அப்புழுவின் முட்டைகள் மலத்துடன் வெளிப்பட்டு, நாயின் மயிரிலும் ஒட்டிக்கொள்கின்றன. நாயைத் தழுவி விளையாடும் குழந்தையின் கைவழியே அவை வயிற்றுட் சென்று, பல்லாண்டுகளுக்குப் பின் ஈரலிலோ நுரையீரலிலோ பெருங்கட்டியாக வெளிப்படும். ஆகவே உள்ளுறுப்புக்களை அரைமணி நேரம் கொதிக்கவைத்த பின்னரே நாய்க்கு அளித்தல் வேண்டும். மருத்துவர் குறிக்கும் கால அளவுப்படி பிராசிகுவாண்டெல் மருந்தும் கொடுக்க வேண்டும்.

சமைப்பதனால் சத்து அழிந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. வைட்டமின் பி-1 முதலிய சில ஓரளவு குறையும். வெந்த நீரையும் சேர்த்து அளித்தால் நீரிற் கரைந்தவற்றைக் காக்கலாம். கால்சியம் முதலிய உப்புக்கள் வெப்பத்தால் அழிவதில்லை. குழந்தைகளும் முதியோரும் கருவுற்ற பெண்டிரும் உள்ள வீட்டில் சமைத்த உணவே தக்கது.

செய்யத்தக்கவை

களப்பணியாளர், நாய்க்குட்டி உள்ள வீட்டில் முதலிற் கேட்க வேண்டியது, “கால்சியம் எதிலிருந்து கிடைக்கிறது?” என்பதே. விடை இல்லையெனில், குட்டி நலமாகத் தோன்றினும் மருத்துவரிடம் அனுப்புக. நொண்டத் தொடங்கிய குட்டியை ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு பரிசோதனை செய்து காட்டலாம். சுத்தம் செய்த கோழி எலும்பொன்றைக் காடியில் இட்டுச் சில நாள் வைத்தால், சுண்ணாம்பு உப்புக்கள் கரைந்து, எலும்பு இரப்பர்போல் வளையும். கால்சியத்தை இழந்த எலும்பு எத்துணை வலிவற்றது என்பதனை மாணவர் தம் கையாலேயே உணர்வர். வீட்டிலுள்ள குட்டியின் தட்டில் என்ன உள்ளது, என்ன இல்லை என்று அன்றே பார்க்கவும் செய்வர்.