தலைவரின் கணவர் எழுந்துபோன பத்து நிமிடம்

பெண் ஊராட்சித் தலைவர்களைப் பற்றியது என் முனைவர் பட்ட ஆய்வு. முதல் நேர்காணலில் தலைவரிடம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்திலிருந்த கணவரே பதில் சொன்னார். அவர் டீ வாங்கப் போன பத்து நிமிடத்தில், குடிநீர்த் தொட்டிக்காக ஒன்றிய அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்ததை அந்த அம்மா தாழ்ந்த குரலில் சொன்னார். என் ஆய்வேட்டின் நான்காம் இயல் அங்கேதான் பிறந்தது.

ஆய்வு இப்படிக் களத்தில்தான் பிறக்கிறது என்றாலும், அரசியல் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய வரும் பிள்ளைகள் முதலில் விதிகளைத்தான் கேட்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. தேசியத் தகுதித் தேர்வு (நெட்) அல்லது நுழைவுத் தேர்வு, பிறகு நேர்காணல். சேர்ந்ததும், ஆய்வு முறையியலும் ஆய்வு நெறியும் அடங்கிய பாடங்கள்.

காலம்தான் பலரை வாட்டுகிறது. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு தரலாம். மகப்பேறு விடுப்பு 240 நாள் வரை. கைக்குழந்தையோடு ஆய்வை விட்டுவிட நினைக்கும் பெண்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வொரு பருவமும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். ஆய்வேட்டை வழிகாட்டியோடு, வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்கள் மதிப்பிடுவார்கள். பிறகு வாய்மொழித் தேர்வு. ஆய்விதழில் கட்டுரை வெளியிடுவதை மானியக் குழு இப்போது கட்டாயமாக்கவில்லை. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் கேட்கலாம். சேருமுன் அதன் விதிகளையும் வாங்கிப் படித்துவிடுங்கள்.