14.20 என்றால் எவ்வளவு கூட்டம்?

சர்வர் இழுக்கிறது என்று போன் வந்தவுடன் அதைப் பார்த்துக்கொள்கிறவர் கருந்திரையில் முதலில் தட்டும் கட்டளை, டாப். என்டர் அழுத்தியதும் திரை நிறைய எண்கள் வந்து நிற்கும். சில நொடிக்கு ஒருமுறை தாமாகவே மாறும். எந்த புரோகிராம் எவ்வளவு சிபியு தின்கிறது, எது மெமரியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, எது தூங்குகிறது, எல்லாம் அதில் தெரியும். வில்லியம் லஃபெவர் என்பவர் 1984-இல் யூனிக்ஸுக்காக எழுதியது. விஎம்எஸ் இயங்குதளத்தில் சிபியுவை அதிகம் பிடித்திருக்கும் வேலைகளை மட்டும் பொறுக்கிக் காட்டும் வசதி ஒன்று இருந்தது. டாப்சிபியு என்று பெயர். அதைப் பார்த்துத்தான் இது பிறந்தது. இன்றைக்கு லினக்ஸ், மேக் எதிலும் டாப் என்று தட்டினால் அதன் ஏதோ ஒரு வாரிசு எழுந்து வரும்.

லினக்ஸில் டாப் எதையும் தானாக அளப்பதில்லை. ப்ராக் என்றொரு ஃபோல்டர் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் அதனுள் ஓர் எண்ணும், அந்த எண்ணின் பெயரில் ஒரு ஃபோல்டரும் இருக்கும். உள்ளே உள்ள ஃபைல்கள் எதுவும் டிஸ்க்கில் கிடையாது; திறக்கும் கணத்தில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதிக் கொடுப்பவை. டாப் அவற்றை ஒருமுறை படிக்கிறது, சற்றுப் பொறுத்து மறுபடி படிக்கிறது, இடையில் ஒவ்வொரு வேலையும் எவ்வளவு சிபியு நேரம் எடுத்தது என்று கழித்துப் பார்க்கிறது. சதவீதம் அந்தக் கழித்தலில் வருவது. படிப்பதற்கும் சிபியு வேண்டுமே, அதனால் தன் பட்டியலில் டாப்பும் அவ்வப்போது தலைகாட்டும்! ஏதாவது ஒரு வேலைக்கு எதிரே 380 சதவீதம் என்று கண்டால் பதற வேண்டாம். சிபியுவுக்குள் தனித்து வேலை செய்யும் அலகான ஒரு கோர் முழுவதும் என்பதுதான் இங்கே 100. அந்த வேலை கிட்டத்தட்ட நாலு கோரைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லோரும் பார்ப்பதும், பலர் தப்பாகப் படிப்பதும் மேல்வரியின் கடைசியில் இருக்கும் மூன்று எண்களை. லோட் ஆவரேஜ் என்பார்கள். கடந்த 1, 5, 15 நிமிடங்களுக்கானவை. இந்தக் கணக்கு டாப்பை விட மூத்தது. டெனெக்ஸ் என்ற இயங்குதளத்தின் 1973 ஜூலை மாத லோட் ஆவரேஜ் விவரத்தைத் தரும் ஆர்எஃப்சி 546 என்ற ஆவணம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

இது சதவீதம் இல்லை, வரிசையின் நீளம். ரேஷன் கடையில் கவுன்ட்டரில் அரிசி வாங்கிக்கொண்டிருப்பவரையும் பின்னால் நிற்பவர்களையும் சேர்த்து எண்ணினால் வரும் தொகை போல. நாலு கவுன்ட்டர் இருந்து நாலு பேர் வந்திருந்தால் யாரும் காத்திருக்கவில்லை. ஒரே கவுன்ட்டர் என்றால் மூன்று பேர் வெயிலில். ஆகவே எத்தனை கோர் என்று தெரியாமல் 'லோட் 8 ஆகிவிட்டது' என்று அலறுவதில் அர்த்தமே இல்லை. டாப் ஓடும்போது 1 என்ற விசையை அழுத்தினால் கோர்கள் தனித்தனி வரியாக விரியும், எண்ணிக்கொள்ளலாம்.

ஆவரேஜ் என்ற பெயரையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. லினக்ஸ் சுமார் 5 நொடிக்கு ஒருமுறை வரிசையை எண்ணி, பழைய கணக்கைக் கொஞ்சம் தேய்த்துவிட்டுப் புதியதைச் சேர்க்கிறது. சும்மா கிடந்த மெஷினில் ஒரே ஒரு வேலை ஒரு நிமிடம் விடாமல் ஓடினால் முதல் எண் 1 ஆகாது, 0.63 பக்கம் நிற்கும். எனவே எண்களைத் தனியாகப் பார்ப்பதைவிட ஒன்றோடொன்று ஒப்பிடுவது நல்லது. முதலாவது பெரிதாகவும் மூன்றாவது சிறிதாகவும் இருந்தால் கூட்டம் இப்போதுதான் ஏறுகிறது. தலைகீழாக இருந்தால் நீங்கள் வருவதற்குள் கலைய ஆரம்பித்துவிட்டது.

லினக்ஸில் இன்னொரு சிக்கல் உண்டு. நாலு கோர் மெஷினில் லோட் 14.20 காட்டும்; சிபியுவோ 100-இல் 5 பங்குகூட உழைத்திருக்காது. வேலைகளின் நிலையைச் சொல்லும் பத்தியைக் கீழ்நோக்கி வாசித்தால், ஓடுவதற்கான 'ஆர்' எங்கோ ஒன்று இருக்கும். வரிசையாக 'டி', 'டி', 'டி'. டிஸ்க்கோ, நெட்வொர்க்கில் உள்ள ஸ்டோரேஜோ பதில் தருவதற்காக அசையாமல் காத்திருப்பவை அவை. மற்ற யூனிக்ஸ்களில் பெரும்பாலும் இவற்றை லோடில் சேர்ப்பதில்லை, லினக்ஸ் சேர்க்கிறது. 1993-இல் மத்தியாஸ் உர்லிக்ஸ் என்பவர் செய்த திருத்தம் அது. மெமரி போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப் டிஸ்க்கில் வேகமானதை எடுத்துவிட்டு மந்தமானதை மாட்டினால் மெஷின் தவழ்கிறது, லோட் எண்ணோ குறைகிறது, இது என்ன நியாயம் என்பது அவர் வாதம். வாதம் சரிதான். ஆனால் அன்றிலிருந்து அந்த எண் இரண்டு வேறு வரிசைகளின் கூட்டாகிவிட்டது. எந்த வரிசை நீளம் என்று எண்ணைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. 'டி'-யில் சிக்கிய வேலையைக் 'கில்' கட்டளையால் தீர்த்துக்கட்டலாம் என்று நினைத்தால் அதுவும் பல சமயம் செல்லாது. ஸ்டோரேஜ் வாய் திறக்கும்வரை கட்டளை வாசலில் நிற்கும்.

இந்தக் குழப்பத்துக்கு 2018 டிசம்பரில் வந்த லினக்ஸ் 4.20-இல் ஒரு வழி பிறந்தது. பிஎஸ்ஐ என்ற அந்த அளவீடு சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றுக்கும் தனித்தனியாக, வேலைகள் நேரத்தில் எத்தனை சதவீதத்தைக் காத்திருந்தே கழித்தன என்று கடந்த 10, 60, 300 நொடிகளுக்குச் சொல்கிறது. என்னைக் கேட்டால் லோட் ஆவரேஜைவிட இது எவ்வளவோ நேர்மையானது. 2004-இல் ஹிஷாம் முகம்மத் வண்ணமயமாக எழுதிய ஹெச்டாப்பில் இப்போது இதையும் பார்க்கலாம். எஃப்2 அழுத்தி, அமைப்புகளில் மீட்டர் பட்டியலுக்குப் போய்ச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.