கஜானா காலியானால் முதலில் மூடும் கதவு

2023 செப்டம்பர் 5 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரக் கவுன்சில் ‘பிரிவு 114’ அறிவிப்பை வெளியிட்டது. செய்தித் தலைப்புகள் அதைத் ‘திவால்’ என்றன. வாயில் சுலபமாக நுழையும் சொல்தான், ஆனால் நடந்தது அதுவல்ல. கடை நொடித்துப்போனால் பூட்டுப் போடலாம், கடன்காரர்களைக் கூப்பிட்டு இருப்பதைப் பங்கு பிரித்துக் கொடுக்கலாம். கவுன்சிலுக்கு அந்த வழி கிடையாது. பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஊர் அது. மறுநாளும் குப்பை அள்ளியாக வேண்டும். தனியாக இருக்கும் மூதாட்டியைக் குளிக்க வைக்க யாராவது போயாக வேண்டும்.

1988ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்தில் உள்ளது அந்த 114ஆம் பிரிவு. செலவு வரவை மிஞ்சப்போகிறது என்று தெரிந்தால், கவுன்சிலின் தலைமை நிதி அதிகாரி அதை எழுத்தில் அறிவித்தே ஆக வேண்டும். 21 நாட்களுக்குள் உறுப்பினர்கள் கூடிப் பேச வேண்டும். அதுவரை புதிய செலவுகள் எல்லாம் நிற்கும். சட்டம் கட்டாயப்படுத்துபவையும், முன்பே ஒப்பந்தம் போட்டவையும் மட்டும் நடக்கும்.

சமூக உதவிச் சேவைகளின் தலையெழுத்து இந்தக் கடைசி விதிவிலக்கில்தான் இருக்கிறது. நெருக்கடி வந்த ஊரில் மட்டும் என்றில்லை, ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் போடும் எல்லா ஊரிலும் இதே நிலைதான்.

பர்மிங்காம் எப்படி அந்த நிலைக்கு வந்தது? அங்கே பல ஆண்டுகளாகக் குப்பை வண்டியில் வேலை பார்த்தவர்களுக்கும் தெரு துப்புரவாளர்களுக்கும் ஊக்கத்தொகை கிடைத்தது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். சமமான மதிப்புள்ள வேலை என்று கவுன்சிலே தரம் பிரித்து வைத்திருந்த சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலைகளில் இருந்த பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. அவர்கள் வழக்குப் போட்டார்கள். வேலையை விட்டுப் போனவர்கள் தீர்ப்பாயத்துக்கான காலக்கெடு தாண்டிய பிறகும் நீதிமன்றத்தில் சம ஊதியம் கேட்கலாம் என்று 2012இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023க்குள் கவுன்சில் ஏறக்குறைய 110 கோடி பவுண்டு கொடுத்துவிட்டது. இன்னும் 65 கோடியிலிருந்து 76 கோடி பவுண்டு வரை பாக்கி இருக்கலாம் என்று அந்த ஆண்டு ஜூனில் மதிப்பிட்டது. இதோடு 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஆரக்கிள் கணினிக் கணக்கு முறையும் சேர்ந்துகொண்டது. 2 கோடி பவுண்டுக்குள் முடியும் என்று தொடங்கிய வேலை அது. சரிப்படுத்தும் செலவோடு சேர்த்து 10 கோடியை எட்டும் என்றானது. அதைவிட மோசம், சொந்த வரவு செலவே கவுன்சிலுக்குச் சரியாகத் தெரியாமல் போனது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்கள் கேட்டது உழைத்த கூலியை. ஊரின் கஜானாவைக் காலி செய்தவர்கள் என்று அவர்கள் மேல் பழி போடுவது அநியாயம். வேண்டிய காலத்தில் கொடுத்திருந்தால் பாக்கி இப்படி மலையாகக் குவிந்திருக்காது.

பர்மிங்காமின் தவறுகள் பர்மிங்காமுக்கு உரியவை. ஆனால் நார்தாம்ப்டன்ஷயர் 2018இல், க்ராய்டன் 2020இல், ஸ்லவ் 2021இல், துரக் 2022இல், வோக்கிங்கும் நாட்டிங்காமும் 2023இல் என்று வரிசையாக இதே அறிவிப்பு வந்தது. சில ஊர்கள் கடன் வாங்கி முதலீடு செய்து கையைச் சுட்டுக்கொண்டன. எல்லா ஊருக்கும் பொதுவான காரணம் வேறு. 2010–11 முதல் 2017–18 வரை மத்திய அரசு உள்ளாட்சிகளுக்குத் தந்த நிதி, விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால், 49.1 சதவீதம் குறைந்தது என்று தேசியத் தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கையில் கணக்கிட்டது. பாதி போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பாதியை உள்ளூர் வரியால் நிரப்ப முடியாதா என்று கேட்கலாம். கவுன்சில் வரி பில்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். வீடு ‘ஏ’ முதல் ‘எச்’ வரையிலான எட்டுப் பிரிவுகளில் எதில் இருக்கிறது என்று போட்டிருக்கும். இங்கிலாந்தில் அந்தப் பிரிவு 1991 ஏப்ரலில் அந்த வீட்டுக்கு இருந்த விலையை வைத்து முடிவானது. அதற்குப் பிறகு மறுமதிப்பீடே நடக்கவில்லை. பணக்கார ஊரில் மேல் பிரிவு வீடுகள் அதிகம், அதனால் ஒரு சதவீதம் ஏற்றினாலே கணிசமாக வரும். ‘ஏ’, ‘பி’ பிரிவு வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் ஏழை ஊரில் அதே ஒரு சதவீதம் கைக்கும் வாய்க்கும் காணாது. அதோடு, பெரிய கவுன்சில்கள் 2023 முதல் ஆண்டுக்கு 4.99 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பர்மிங்காமுக்குத் தனி அனுமதி கொடுத்து, 2024இல் 9.99 சதவீதமும் 2025இல் 7.49 சதவீதமும் ஏற்றினார்கள்.

வரவு இப்படிக் கட்டுண்டு கிடக்க, செலவின் பெரும்பகுதியும் கட்டுண்டுதான் கிடக்கிறது. பராமரிப்புத் தேவை இருப்பதாக மதிப்பிடப்பட்ட முதியவருக்கும் மாற்றுத் திறனாளிக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் உதவியே ஆக வேண்டும். ஆபத்திலிருக்கும் குழந்தையைக் காப்பது 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமை. வீடற்றவர்கள் விஷயத்திலும் சட்டக் கடமை உண்டு. இவற்றில் கை வைக்க முடியாது. தணிக்கை அலுவலகத்தின் அதே அறிக்கைப்படி, 2010–11இல் கவுன்சில்களின் சேவைச் செலவில் சமூகப் பராமரிப்பின் பங்கு 45.3 சதவீதம். 2016–17இல் அது 54.4 சதவீதம் ஆகிவிட்டது. பானை சிறுத்துக்கொண்டே போகிறது, அதிலிருந்து அள்ளும் முதல் அகப்பையோ பெருத்துக்கொண்டே போகிறது. மிச்சத்தில்தான் நூலகமும் பூங்காவும் இளைஞர் மையமும் முதியோரின் மதிய உணவுக் கூடலும் கடன் ஆலோசனையும் பெண்கள் உதவி அமைப்பும் அடித்துக்கொள்ள வேண்டும்.

இளைஞர் சேவைக்கும் நூலகத்துக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. ஆனால் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இளைஞர் சேவையை ‘நியாயமான அளவுக்கு இயன்ற வரை’ செய்யச் சொல்கிறது. ‘இயன்ற வரை’ என்று எழுதிவிட்டால், இயலவில்லை என்று சொல்லும் நாள் ஒன்று வந்தே தீரும்.

பர்மிங்காமில் அது 2024 மார்ச் 5 அன்று வந்தது. இரண்டு ஆண்டுகளில் 30 கோடி பவுண்டைக் குறைக்கும் பட்ஜெட் அன்று நிறைவேறியது. குழந்தைகள், இளைஞர், குடும்பங்களுக்கான துறையில் மட்டும் முதல் ஆண்டிலேயே 5 கோடி பவுண்டுக்கும் மேல் வெட்டு. தெருவிளக்கின் ஒளியைக் குறைக்கவும் கலை அமைப்புகளுக்கான மானியத்தை இரண்டே ஆண்டில் முற்றாக நிறுத்தவும் அதில் இடமிருந்தது. மத்திய அரசு 125.5 கோடி பவுண்டு ‘சிறப்பு நிதி உதவி’ தந்தது என்பார்கள். அது நன்கொடை அல்ல. கடன் வாங்கியும் சொத்தை விற்றும் அன்றாடச் செலவைச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற அனுமதி மட்டுமே.

பட்ஜெட் ஏட்டில் ஒரு வரியாக இருக்கும் இளைஞர் மையத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் என்ன இருக்கும்? ஒரு மேசைப் பந்தாட்ட மேசை, ரொட்டி சுடும் கருவி, கொஞ்சம் பழைய சோபா, நாலைந்து வருடமாக அதே பிள்ளைகளைப் பார்த்துவரும் ஓர் இளைஞர் பணியாளர். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் விலை உயர்ந்த புதுக் காலணியோடு வருகிறான். கையில் இரண்டாவது போன். வீட்டில் வாங்கிக் கொடுத்திருக்க வழியில்லை என்பது அந்தப் பணியாளருக்குத் தெரியும். போதைப்பொருளை ஊர் விட்டு ஊர் கடத்தும் கும்பல்கள் சிறுவர்களை இழுக்கும்போது தெரியும் முதல் அறிகுறிகள் இவை. உடனே விசாரிக்கத் தொடங்கினால் பையன் ஓடிவிடுவான். இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே மெதுவாகப் பேச்சுக் கொடுக்க வேண்டும். ‘நல்லா இருக்குப்பா, யார் வாங்கிக் கொடுத்தது?’ என்பதில் அது தொடங்கும். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் நாலைந்து வருடப் பழக்கத்துக்கு எந்த ஏட்டிலும் பத்தி கிடையாது. மூடினால் அதுவும் போய்விடும், பிறகு பணம் வந்து திறந்தாலும் உடனே திரும்பாது.

இதை உணர்ச்சிப் பேச்சு என்று ஒதுக்க முடியாதபடி ஒரு கணக்கும் இருக்கிறது. லண்டனில் 2010க்கும் 2019க்கும் இடையே இளைஞர் மையங்களில் சுமார் 30 சதவீதம் மூடப்பட்டன. அதன் விளைவை நிதி ஆய்வுக் கழகம் ஆராய்ந்து 2024இல் வெளியிட்டது. அருகிலிருந்த மையத்தை இழந்த பகுதிகளில் 10 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் குற்றத்தில் ஈடுபடும் வாய்ப்பு 14 சதவீதம் கூடியது, பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண்ணும் சரிந்தது. மூடி மிச்சம் பிடித்த ஒவ்வொரு பவுண்டுக்கும் சமூகம் ஏறக்குறைய மூன்று பவுண்டு இழந்தது என்பது அந்த ஆய்வின் மதிப்பீடு. என் பார்வையில் இதை மிச்சம் என்று சொல்வதே தவறு. கவுன்சிலின் கணக்கிலிருந்து காவல்துறையின் கணக்குக்கும் நீதிமன்றத்தின் கணக்குக்கும் அந்தச் செலவு பெரிதாகி மாறிப்போகிறது. வெட்டியவரின் ஏட்டில் அது தெரியாது என்பதால்தான் ஆண்டுதோறும் அதையே வெட்ட முடிகிறது.

அப்படியானால் தடுக்க வழியே இல்லையா? உண்டு. மேற்கு லண்டனில் சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற அமைப்பு 1979 முதல் ஆசிய, ஆப்பிரிக்க-கரீபிய பெண்களுக்கு வீட்டு வன்முறையிலிருந்து மீள உதவிவருகிறது. அதற்கு ஈலிங் கவுன்சில் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பவுண்டு தந்துவந்தது. 2007இல், இனி எல்லாப் பெண்களுக்கும் பொதுவாக ஒரே சேவைதான், ஒரு பிரிவினருக்குத் தனியாகக் கொடுப்பது சமூக ஒற்றுமைக்கு ஒத்துவராது என்று கவுன்சில் நிலை எடுத்தது.

கேட்க நியாயம்போல இருக்கும். அந்தக் காலத்தில் கல்யாணமாகி விசாவில் வந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளது குடிவரவு அனுமதியில் ‘பொது நிதி பெற உரிமையில்லை’ என்று இருக்கிறது. பாஸ்போர்ட் மாமியாரின் அலமாரியில். புகலிடத்தில் ஓர் அறை வேண்டுமென்றால் அரசின் வீட்டு வாடகை உதவியைக் காட்ட வேண்டும், அது அவளுக்குக் கிடையாது. பொதுவான உதவி எண்ணுக்குப் போன் செய்தால் இடமில்லை என்பார்கள். குடும்ப மானம் போய்விடும் என்று ஊரிலிருந்து அம்மாவே திரும்பிப் போகச் சொல்வாள். இதை அவள் மொழியிலேயே கேட்டு, ‘அவங்க சொல்றது எனக்குத் தெரியும்மா’ என்று சொல்லக்கூடிய ஒருவர் எதிரே இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

அந்த அமைப்பின் உதவியை நாடிய இரண்டு பெண்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2008 ஜூலையில் விசாரணையின் இரண்டாம் நாளே கவுன்சில் பின்வாங்கியது. ஆனாலும் நீதிபதி மோசஸ் தீர்ப்பு எழுதினார். கொள்கையை முடிவு செய்வதற்கு முன்பே சிறுபான்மையினர் மீது அதன் விளைவை மதிப்பிட வேண்டும், முடிவெடுத்துவிட்டுப் பின்னால் மதிப்பீட்டைச் சேர்ப்பது சட்டத்துக்கு ஒவ்வாது என்றார். தனித் தேவை உள்ளவர்களுக்குத் தனிச் சேவை தருவது சமத்துவத்துக்கு எதிரானது அல்ல என்பதையும் தெளிவாக்கினார். அன்று அவர் சார்ந்தது 1976ஆம் ஆண்டு இன உறவுகள் சட்டத்தின் 71ஆம் பிரிவு. இன்று அந்த இடத்தில் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவு இருக்கிறது. வயது, பாலினம், ஊனம், மதம் எல்லாம் அதில் அடங்கும்.

கருத்துக்கேட்பைப் பற்றியும் தீர்ப்பு உண்டு. லண்டனின் ஹாரிங்கே கவுன்சில், ஏழைகளுக்கான வரிச் சலுகையைக் குறைக்கும் திட்டத்தை முன்வைத்தபோது, வேறு வழிகள் இருந்தும் அவற்றை மக்களிடம் சொல்லவில்லை. அந்தக் கருத்துக்கேட்பு சட்டவிரோதம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தத் திட்டம் ஏற்கெனவே நடைமுறையில் இருந்ததால் மறுபடி கருத்துக் கேட்கும்படி உத்தரவிடவில்லை. இந்த வழக்குகளின் எல்லையும் அதுதான். ஒழுங்கான முறையில் கேட்டு, ஒழுங்காக மதிப்பிட்டு, அதே சேவையைக் கவுன்சில் மறுபடி வெட்டலாம். சட்டம் நேரத்தை வாங்கித் தரும், பணத்தை வாங்கித் தராது.

அந்த நேரம் எப்போது என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் கவுன்சில் வரியை மார்ச் 11க்கு முன்பே நிர்ணயித்துவிட வேண்டும். அதனால் பெரும்பாலான ஊர்களில் பட்ஜெட் பற்றிய கருத்துக்கேட்பு அதற்கு முந்திய குளிர்காலத்திலேயே நடந்து முடிந்துவிடும். கேள்வித்தாளோடு நின்றுவிடாமல், சமத்துவ விளைவு மதிப்பீடு என்ற இணைப்பைத் தேடி எடுங்கள். மூடப்போகும் மையத்துக்கு யார் யார் வருகிறார்கள், மூடியபின் அவர்கள் எங்கே போவார்கள் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் உங்கள் பதிலில் முதல் வரியாக அதையே எழுதுங்கள். யார் வருகிறார்கள் என்ற பெயரில்லாப் பட்டியலையும் கூடவே வையுங்கள்: எந்தக் கிழமை, எத்தனை பேர், என்ன வயது, எந்த மொழி, எந்த பஸ்ஸில்.