நாட்பட்ட இடுப்பு வலிக்கு மாற்று சிகிச்சைகள்

நாற்று நடுதல், களை எடுத்தல், கடலை பிடுங்குதல் ஆகிய வேலைகளை நாள் முழுவதும் குனிந்தே செய்ய வேண்டியுள்ளது. மூட்டை தூக்குவதும், தெளிப்பானை முதுகில் சுமப்பதும் இதனுடன் சேர்கின்றன. எனவே விவசாயக் குடும்பங்களில் இடுப்பு வலி பரவலாகக் காணப்படுகிறது.

வலி 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட வலியாகும். வலிக்குப் பயந்து படுத்தே இருந்தால் இடுப்புத் தசைகள் வலுவிழக்கும். சிறு வேலையும் பாரமாகும். கூலியும் போய், வைத்தியத்துக்குக் கடனும் ஏறும். முடக்கம் இப்படித்தான் வந்து சேர்கிறது.

பயன் தரும் முறைகள்

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் இந்த வலிக்கான வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. மருந்தை மட்டும் நம்பியிராமல் உடற்பயிற்சி, உடல் பிடித்துவிடுதல், அக்குபங்சர் போன்றவற்றையும் மேற்கொள்ளலாம் என அதில் கூறப்பட்டுள்ளது.

உடற்பயிற்சியும் யோகாசனமும்: தினமும் நடப்பது நல்லது. மகராசனம், புஜங்காசனம் போன்ற எளிய ஆசனங்களைப் பயிற்சி பெற்றவரிடம் கற்றுச் செய்யலாம். ஒரு வாரத்தில் பலன் தெரியாது. 2, 3 மாதங்கள் விடாமல் செய்ய வேண்டும்.

தொக்கணம்: எண்ணெயிட்டு உடலைப் பிடித்துவிடும் சித்த மருத்துவ முறை இது. பிடித்துவிடுதலால் கிடைக்கும் சுகம் சிறிது காலமே நிற்கும். அந்த நாட்களில் உடற்பயிற்சியைத் தொடங்கிவிட்டால் பலன் நிலைக்கும். அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகளையும், தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தையும் அணுகலாம்.

அக்குபங்சர்: சிலருக்கு வலி குறைகிறது. ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை மற்றவருக்குப் பயன்படுத்தக் கூடாது.

மிளகாய்ச் சத்துக் களிம்பு: மருந்துக் கடையில் கிடைப்பதைத் தடவலாம். பச்சை மிளகாயை அரைத்துப் பூசினால் தோல் புண்ணாகும்.

தவிர்க்க வேண்டியவை

இடுப்புப் பட்டையை எப்போதும் அணிவதும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. பெயர் அச்சிடாத பொட்டலங்களில் விற்கும் பொடிகளை வாங்கக் கூடாது. சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். வலி உடனே குறைவதுபோல் தோன்றும். நாளடைவில் முகம் வீங்கும், எலும்பு தேயும், சர்க்கரை நோய் வரும்.

வயலில் செய்ய வேண்டியவை

* வரிசை நடவு செய்து, நின்றபடியே தள்ளும் கோனோவீடர் களைக் கருவியைப் பயன்படுத்தவும்.
* அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து நின்று சிறிது நடக்கவும்.
* 45 கிலோ யூரியா மூட்டையை ஒருவரே தூக்காமல் இருவர் தூக்கவும். முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்து எழவும்.
* தெளிப்பானில் பாதியளவே மருந்துக் கரைசலை நிரப்பவும்.

உடனே மருத்துவமனைக்கு

சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் அடைத்தல், தொடையிடுக்கில் உணர்ச்சியின்மை, கால் பலமிழத்தல் ஆகியவை அபாய அறிகுறிகள். வலியுடன் காய்ச்சல் அல்லது உடல் மெலிவு இருந்தாலும், மரத்திலிருந்து விழுந்தபின் வலி வந்தாலும் காலதாமதம் செய்யக் கூடாது. இவற்றுக்கு மாற்று சிகிச்சை போதாது.

மற்றவர்கள் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொண்டு, பிறகு தமக்கேற்ற முறையைத் தேர்ந்தெடுப்பது நலம்.